மருதாணி காயும் நேரம்

போன் அதிர்ந்தது. இல்லை, அதிரவில்லை, மின்விசிறிக் காற்றில் ஸ்டூல்மேல் இருந்த செய்தித்தாளின் ஓரம்தான் படபடத்தது. ஆனால் என் தொடையில், போனை எப்போதும் வைத்திருக்கும் பக்கத்தில், ஒரு சின்ன நடுக்கம் ஓடிப்போனதே. போன் அங்கே இல்லாதபோதும் அந்த இடம் நடுங்கக் கற்றுக்கொண்டுவிட்டது. போன் ஒரு முழம் தள்ளி ஸ்டூல்மேல் மல்லாந்து கிடக்கிறது. என் கைகளும் மடியில் போட்ட தலையணைமேல் மல்லாந்து கிடக்கின்றன, முழங்கை வரை மருதாணி, கறுப்பா பச்சையா என்று சொல்ல முடியாத நிறம். உள்ளங்கையில் ஒரு மயில், அதைச் சுற்றிக் கொடி, கொடியின் நுனி ஒவ்வொரு விரலிலும் ஏறி நகத்துக்குக் கீழே நின்றுவிட்டது. விரல் நுனிகளை மட்டும் முழுக்கப் பூசிவிட்டாள். "ஆடாம வச்சிருங்கக்கா, சாயங்காலம் வரைக்கும் தண்ணி படக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மருதாணி வைக்க வந்திருக்கும் ஷிபானா மணப்பெண்ணிடம் போய்விட்டாள். சாயங்காலம் வரைக்கும். பங்குச் சந்தை மூன்றரைக்கு மூடிவிடும். யாரோ ஒருவர் இரண்டு கைகளை என்னிடம் கொடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொள், வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனது மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அவை குளிர்ச்சியாக இருக்கின்றன. மருதாணியில் கலந்த தைல வாசனை மூக்குக்குள் போய்க் கண்களுக்குப் பின்னால் தங்கி, இமைகளைக் கீழே இழுக்கிறது. தூங்கிவிடக் கூடாது, சுகந்தி. இன்று வியாழக்கிழமை. இன்று விற்றால் பணம் நாளை பங்குக் கணக்கில் சேரும், சனிக்கிழமை காலையில் வங்கிக்கு வரும், சனிக்கிழமை மதியம் நகைக்கடை, ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். நாளைக்கு விற்றால் அதற்குள் எதுவும் வராது.

இது திருப்பூரில் என் நங்கையா வீட்டு மாடி. நங்கையா என்றால் என் கணவரின் அக்கா. அவருடைய மகள் மிருதுளாவுக்குத்தான் கல்யாணம். நாங்கள் தாய்மாமன் வீடு. தாய்மாமன் சீராக மூன்று பவுனில் ஒரு சங்கிலி போடுவதாக என் கணவர் சிவசண்முகம், மிருதுளா பெரியவளானபோதே சொல்லிவிட்டார். சொல்வது அவர், செய்வது நான், எங்கள் வீட்டில் அப்படித்தான். சீட்டு எடுத்து அந்தப் பணத்தை என் கணக்கில் போட்டுவிட்டு, "நீயே பார்த்துக்க" என்றார். பார்த்துக்கொண்டேன். பார்ப்பதுதான் வினையாகப் போயிற்று. பணம் கணக்கில் அசையாமல் கிடந்தது, தங்கம் மட்டும் ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டிருந்தது, மூன்று பவுனுக்கு இருந்த பணம் இரண்டே முக்காலுக்குத்தான் ஆகும் என்று ஒரு காலையில் போனில் பார்த்தேன். பல் துலக்குவதற்கு முன்பு பார்த்தேன். வாயில் கசப்போடு பார்க்கிற எதுவும் கசப்பாகத்தான் தெரியும் போலிருக்கிறது. அன்றைக்கே பனியன் கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் ஒருத்தி 'வளர்பிறை முதலீட்டாளர்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் என்னைச் சேர்த்துவிட்டாள். முகம் தெரியாத ஒருவர் காலையில் பிறைநிலாப் படம் போட்டு வணக்கம் சொல்வார், பிறகு ஒரு பங்கின் பெயர் சொல்வார். தண்ணீர் மோட்டார் செய்கிற ஏதோ கம்பெனி. மோட்டார் நல்ல பொருள், எல்லா வீட்டிலும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கால் பவுனைப் பிடித்துவிட்டு வெளியே வந்துவிடலாம், வேறெதற்கும் ஆசைப்படவில்லை, சத்தியமாக வேறெதற்கும்.

பிடித்தேனே. அதுதான் வேடிக்கை. வாங்கிய வாரத்திலேயே கால் பவுன் வந்தது. அன்று விற்றிருந்தால் இன்று நான் இந்த நாற்காலியில் மற்றப் பெண்களைப் போலக் கையை ஊதிக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பேன். வந்துவிட்டது என்று தெரிந்ததும் இன்னும் ஒருமுறை பார்க்கலாம் என்று பார்த்தேன், கொஞ்சம் கூடியிருந்தது, இன்னும் ஒருமுறை பார்த்தேன், குறைந்திருந்தது. நான் துணி பார்க்கிற வேலை செய்பவள். பின்னல் துணி விளக்கு மேசைமேல் ஓடிக்கொண்டே இருக்கும், கீழிருந்து வெளிச்சம் வரும், துணி ஒரு வெள்ளை ஆறு மாதிரி என்னைத் தாண்டிப் போகும், ஓட்டை, அறுந்த இழை, எண்ணெய்க் கறை எதைப் பார்த்தாலும் நிறுத்தி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நாளெல்லாம் தவறு தேடுகிற கண் இது. அதே கண்ணோடு போனைப் பார்த்தால் அந்தச் சின்னக் கோடு இறங்குகிற இடமெல்லாம் இழை அறுந்துபோன மாதிரிதான் தெரிகிறது. உடனே நிறுத்து, உடனே ஏதாவது செய். ரயில்வே கேட் மூடியிருந்தபோது ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே விற்றேன். கேட் திறப்பதற்குள் விலை ஏறிவிட்டது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், சாப்பாட்டு நேரத்தில் கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கினேன். கோயில் வரிசையில் நின்று விற்றேன். குளியலறையில், வாளியில் தண்ணீர் நிரம்பி வழிய வழிய, வாங்கினேன். ஒவ்வொரு முறையும் மனசு ஒரு கணம் அமைதியாகும், மூக்கு அடைத்தவருக்கு ஒரு பக்கம் திறந்துகொள்வது போல, பிறகு மறுபடி அடைத்துக்கொள்ளும். ஒருநாள் விளக்கு மேசையில் துணி ஓடிக்கொண்டிருக்க நான் மடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் நுழைகிற அளவு ஓட்டை ஒன்று என் முன்னால் போனது. அது போவதைப் பார்த்தேன். பார்த்தும் கை நகரவில்லை. மோட்டார் கம்பெனிக்கு ஒன்றும் ஆகவில்லை, அது பாட்டுக்கு மோட்டார் செய்துகொண்டிருக்கிறது. வாங்கியதை வாங்கியபடி விட்டிருந்தால் இன்றைக்கும் பெரிய நஷ்டம் இல்லை. சங்கிலி என் கட்டைவிரல் வழியாகத்தான் கண்ணி கண்ணியாகக் கழன்று போயிருக்கிறது.

கட்டைவிரல். இப்போது அதில் ஒரு மாங்காய் வரைந்திருக்கிறது, மாங்காய்க்குள் புள்ளிகள். எவ்வளவு அழகாக, எவ்வளவு சும்மா இருக்கிறது. கண்ணை மூடினால் புள்ளிகள் நகர்கின்றன, எறும்பு வரிசை போல மணிக்கட்டு வழியாக ஏறுகின்றன, ஒரு கோடாகிறது, கோடு ஏறி இறங்குகிறது, இறங்குகிற இடத்தில் ஒரு மயில் உட்கார்ந்திருக்கிறது, மயிலைத் தாண்டி வெள்ளைத் துணி ஓடுகிறது, துணியின் முனையை யாரோ இழுக்கிறார்கள், முடியாத துணி, அதில் நான் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், ஸ்டிக்கர் விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. "வாயத் தொற கண்ணு." திறந்தேன். வாய்க்குள் மைசூர் பாகு. சரோஜா அத்தை, மாப்பிள்ளை வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான உறவு, எந்தக் கல்யாணத்திலும் முதல் நாளே வந்துவிடுகிறவர், தட்டோடு குனிந்து நிற்கிறார். "மாமன் பொண்டாட்டின்னா இப்படித்தான் இருக்கோணும். கையக் காட்டிட்டு உக்காந்துட்டா, ஊட்டறதுக்கு ஆளு." எல்லோரும் சிரிக்கிறார்கள். "மூணு பவுனு போடறவங்களுக்கு ஊட்டித்தான் ஆவோணுங்க அத்தை" என்று யாரோ சொல்ல, "மூணா! தங்கம் விக்கிற விலைக்கா! எங்கூட்ல தாய்மாமன் போட்டது தோடு, அதுவும் காதுல மாட்டறதுக்குள்ள காணாமப் போற தோடு" என்கிறார் அத்தை. அறையின் அந்தக் கோடியில் கைகளை நீட்டி உட்கார்ந்திருக்கும் மிருதுளா, "அத்தை, டிசைன் எனக்கு முன்னாலயே காட்டிரோணும், சொல்லிட்டேன்" என்று என்னைப் பார்த்துக் கத்துகிறாள். நான் தலையை ஆட்டுகிறேன். வாய் நிறைய இனிப்பு இருப்பது எவ்வளவு வசதி. விழுங்க விழுங்கத் தொண்டையில் நெய் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் குழந்தையின் கழுத்து. குழந்தையா, எம்.சி.ஏ. முடித்தவள். ஆனாலும் அந்தக் கழுத்தில் நான் பவுடர் போட்டிருக்கிறேன். சபையில் தட்டை எடுத்து வருவார்கள், துணியை விலக்குவார்கள், நூறு பேர் எட்டிப் பார்ப்பார்கள், அதில் ஒரு நூல் மாதிரி ஏதோ கிடக்கும். என் கணவர் என்னைப் பார்ப்பார். திட்ட மாட்டார். பார்ப்பார்.

காலையில் ஏன் விற்கவில்லை? சந்தை திறந்ததும் விற்க வேண்டும் என்றுதான் எழுந்தேன், பஸ்ஸில் வரும்போது கையில்தான் இருந்தது போன். பிறைநிலாக்காரர், மதியம் ஏறும், பொறுமையாக இருங்கள் என்று போட்டிருந்தார். பொறுமை என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு ஒரு நல்ல பெண்ணாக நடந்துகொள்ளத் தோன்றுகிறது. வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், பொண்ணுக்கு முன்னால் மாமன் பொண்டாட்டிக்கு வைப்பதுதான் இந்த வீட்டு வழக்கம் என்று நங்கையா இழுத்து உட்கார வைத்துவிட்டார். ஒரு கைக்குத்தான் என்று நினைத்தேன். மறு கையையும் கேட்டபோது முடியாது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே, உண்மையைத் தவிர வேறு எதுவும் நாக்கில் வரவில்லை. இப்போது எழுந்து போய்க் கழுவிவிடலாம். கழுவக் குழாய் திறக்கக் கை வேண்டும். யாரையாவது கூப்பிட்டால் ஏன் என்பார்கள். சரியாகச் சிவக்காத கையோடு சபையில் நின்றால் சரோஜா அத்தைக்கு அதுவே ஒரு வருடத்துக்குப் போதும். ஜன்னலிலிருந்து விழுந்த வெயில் காலையில் பாயின் ஓரத்தில் இருந்தது, இப்போது நடந்து வந்து ஸ்டூலின் காலைத் தொட்டுவிட்டது. பூனை மாதிரி சத்தமில்லாமல் வருகிறது. போன் அதிர்ந்தது. இந்த முறை நிஜமாகவே அதிர்ந்தது, கொஞ்சம் நகரவும் செய்தது, கவிழ்ந்த வண்டு நிமிரப் பார்ப்பது போல. திரை எரிந்தது, பிறைநிலா தெரிந்தது, என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்குள் அணைந்தது. ஏறிவிட்டதோ? விழுந்துவிட்டதோ? எழுத்துகள் எத்தனை வரி இருந்தன, நல்ல செய்தி சின்னதாக இருக்கும், கெட்ட செய்திக்குத்தான் விளக்கம் வேண்டியிருக்கும், இரண்டு வரிதானே, இல்லை மூன்று. யாரும் பார்க்கவில்லை. இடுப்பை வளைத்துக் குனிந்தேன், கைகளை இரண்டு பக்கமும் சிறகு மாதிரி தூக்கிக்கொண்டு, மூக்கின் நுனியால் திரையைத் தொட்டேன். எரிந்தது! விரல் ரேகை கேட்டது. என் ரேகை எல்லாம் மருதாணிக்கு அடியில் இருக்கிறது. ரகசிய எண் கேட்டது. மூக்கால் ஒன்றைத் தொட்டால் நான்கு விழுகிறது, அழிக்கப் போனால் இன்னொரு எண், மூச்சுக் காற்றில் திரை மங்குகிறது. "ஏங்கண்ணு, போன மோந்து பாக்கற? பிரியாணி வாசமா வருது?" சரோஜா அத்தை. நிமிர்ந்தேன். "மணி பாத்தேனுங்க." "செவுத்துல அத்தாம் பெரிய கடிகாரம் தொங்குது!" மறுபடியும் சிரிப்பு, அலை மாதிரி வந்து என்மேல் பட்டுத் திரும்பிப் போகிறது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றரை ஆகப்போகிறது. பார்க்காமல் இருந்திருக்கலாம்.

நங்கையாதான் வந்தார். டீ டம்ளர்களை ஷிபானாவிடமும் மற்றவர்களிடமும் கொடுத்துவிட்டு, என் அருகில் குந்தி உட்கார்ந்து, என் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கினார். அவர் விரலில் ஏலக்காய் வாசனை. "மூஞ்சியே சரியில்லயே. தல வலிக்குதா?" இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நங்கையா, எம் போனத் தொறந்து ஒண்ணு அமுக்கோணுங்க" என்று வந்தது. என் குரல்தான். வேறு யாரோ பேசுவது போலக் கேட்டேன். அவர் போனை எடுத்தார். ரகசிய எண்ணைக் காதில் சொன்னேன். இவர் கையில்தானே கொடுக்கக் கூடாது, இவர் மகளின் சங்கிலி அல்லவா இதற்குள் இருக்கிறது, ஆனால் வேறு கை எதுவும் இல்லை இந்த அறையில் எனக்கு. "அந்த முதலீட்டு ஆப் இருக்குதில்லீங்க, அதத் தொறந்து, கீழ வந்து, இடது பக்கமா..." என்று வழி சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடிக்கத் தேவை இருக்கவில்லை. புது இடத்தில் ஒரு விரல் தயங்கும், எழுத்துக் கூட்டிப் படிக்கும், தப்பான இடத்தைத் தொட்டுப் பின்வாங்கும். நங்கையாவின் கட்டைவிரல், மாவு பிசைந்து தடித்த அந்த விரல், சொந்த வீட்டில் கரண்ட் போனால் தீப்பெட்டியைத் தேடிப் போகிற மாதிரி நேராகப் போனது. ஆப் திறந்தது, வாங்கி வைத்திருக்கும் பங்குகளின் பக்கம் வந்தது, மோட்டார் கம்பெனியின் பெயரைத் தட்டியது, விற்பதற்கான பொத்தானுக்கு மேல் வந்து நின்றது. நான் விரலைப் பார்த்தேன். பிறகு முகத்தைப் பார்த்தேன். "நங்கையா..." "உஸ்." "நீங்களுமாங்க?" "உங்கண்ணங்கிட்டச் சொல்லிப்போடாத." அவர் புருஷனைத்தான் சொல்கிறார். "எதுலீங்க?" "இதே எழவுலதான். அந்த நெலாக்காரன் எனக்குந்தான் வணக்கம் போடறான்."

அறை முழுக்கப் பேச்சும் டம்ளர் சத்தமுமாக இருந்தது, நாங்கள் இரண்டு பேரும் மட்டும் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. நங்கையா திரையை மறைத்துக்கொண்டு இன்னும் நெருங்கினார். "இப்ப வித்தா நட்டம் கண்ணு. ரெண்டு மணிக்கு மேல பெரிய பெரிய ஆளுங்க வாங்குவாங்கன்னு போட்டிருக்கறான். அரமணி நேரம் பொறு."  இது நான் எனக்குச் சொல்லிக்கொண்டது. ஒரு மாதமாக, சொல்லுக்குச் சொல், ரயில்வே கேட்டிலும் குளியலறையிலும். உள்ளே கேட்கும்போது அது என் புத்தி மாதிரி இருந்தது. வெளியே, ஏலக்காய் வாசனையோடு, எனக்குப் பிடித்த ஒரு முகத்திலிருந்து வரும்போது பயம் மாதிரி இருக்கிறது. பயந்த பிள்ளை இன்னொரு பிள்ளையின் பாவாடையைப் பிடித்து இழுக்கிற மாதிரி. அரைமணி நேரம் பொறுக்கலாம்தான். ஒருவேளை ஏறும்தான். மயிலின் கழுத்தில் மருதாணி காய்ந்து சின்ன வெடிப்பு ஒன்று விட்டிருந்தது. "எனக்குச் சனிக்கெழம பணம் வேணுங்க. மிருதுளாவுக்குத்தானுங்க. சங்கிலிக்கு." நங்கையாவின் கண்கள் என்மேல் நின்றன.  "சீர்ப் பணத்தையா போட்ட?" "ஆமாங்க." "அடிப்பாவி." அவ்வளவுதான் சொன்னார். தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார். சத்தம் வராமலிருக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரிக்கிறார். "மூணு பவுனு மூணு பவுனுன்னு சரோஜா ஊரெல்லாம் தண்டோராப் போட்டுட்டு இருக்கறா." "ரெண்டுதானுங்க வரும். ரெண்டு வந்தாச் சரி." "ரெண்டுன்னா ரெண்டு. எம் மகளுக்கு நீ போடறத அவ என்ன எட கட்டியா பாக்கப் போறா? சரோஜாவ நான் பாத்துக்கறேன். தம்பிகிட்ட மட்டும் நீயே சொல்லிரு, எவ மூலமாவும் தெரியக் கூடாது." "சொல்லிர்றேனுங்க." "இப்ப என்ன, விக்கறதா, நிக்கறதா?" "வித்துப்போடுங்க நங்கையா."

விற்றார். ஒரு சின்ன பச்சைக் குறி வந்து மறைந்தது. அவ்வளவுதான். பெரிதாக ஏதோ நடக்கும், நெஞ்சில் ஒரு கல் விழும் அல்லது எழும் என்று காத்திருந்தேன், ஒன்றும் இல்லை, தொடையின் அந்த இடம் மட்டும் ஒருமுறை நடுங்கிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது. ஒரு பவுன் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அவரிடம் சொல்ல வேண்டும், இன்று ராத்திரி சோறு போடும்போதே சொல்லிவிட வேண்டும். நங்கையா என் போனை ஸ்டூல்மேல் வைத்தார். வைத்த கையோடு இடுப்பிலிருந்து தன் போனை எடுத்தார். எடுத்தது அவருக்கே தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை. கட்டைவிரல் அதே வழியில் ஓடியது, சிவப்பு வெளிச்சம் அவர் தாடையில் விழுந்தது. "உங்களுக்கு எப்பங்க பணம் வேணும்?" என்று கேட்டேன். "எனக்கா? எனக்கென்ன அவசரம். மேல ஒரு ரூம் கட்டோணும், அதுக்கு இன்னும் ரெண்டு வருசம் கெடக்குது." "அப்பறம் எதுக்குங்க இப்பப் பாக்கறீங்க?" அவர் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது, கொஞ்சம் இறங்கியது, மறுபடி மேலே போனது, சூடான பாத்திரத்தைத் தொடலாமா என்று பார்ப்பது போல. எனக்கு அந்த விரலைத் தெரியும். அது இன்னும் ஒரு நிமிடத்தில் என்ன செய்யும் என்பதும் தெரியும், ஆனால் பிடித்து நிறுத்த எனக்குக் கை இல்லை. நங்கையா தலையைத் தூக்கி அறையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், எதையோ தொலைத்துவிட்டவர் மாதிரி சுற்றிப் பார்த்தார். பிறகு சட்டென்று தன் போனை என் போனுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்து, டீயை ஊதிக்கொண்டிருந்த ஷிபானாவின் முன்னால் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "டீ கெடக்கட்டும் சாமி, இன்னொண்ணு போட்டுத் தாறேன்." கண்ணாடி வளையல்களை முழங்கைக்கு மேலே ஏற்றி, கைகள் இரண்டையும் அவள் மடிமேல் நீட்டினார். "பொண்ணோட அம்மாக்குச் சின்னதா ஒரு டிசைன் போதுங்களா ஆன்ட்டி?" என்று ஷிபானா மருதாணிக் கோனை எடுத்தாள். "சின்னதெல்லாம் வேண்டாம்" என்றார் நங்கையா. "நல்லா கனமா வை. சீக்கிரம் காஞ்சிரக் கூடாது."